65 வெள்ளியில் ஒரு ஹீட்டர் வால்வு

விநாடிக்கு ஒரு சொட்டு. மோரிஸ் மைனர் காரின் ஹீட்டர் வால்வு இந்த வேகத்தில் ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 60 சொட்டு என்றால் 3 மில்லி, மணிக்கு 180 மில்லி. ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பழைய வண்டியை அதன் போக்கில் விட்டால் 3 மணி நேரம் பிடிக்கும். போய்ச் சேர்வதற்குள் 540 மில்லி போயிருக்கும். அந்த வண்டியின் என்ஜின், ரேடியேட்டர், ஹீட்டர் எல்லாம் சேர்ந்து கொள்ளும் தண்ணீரே 5 லிட்டரை ஒட்டித்தான். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே காலி.

இவ்வளவு போயும் வண்டிக்கு அடியில் குட்டை தேங்காது. வால்வு இருப்பது சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில். சொட்டு விழுகிற இடம் காய்ந்த இரும்பு. விழுந்ததும் ஆவியாகி, வெளிர்பச்சைக் கறையை மட்டும் விட்டுவிட்டுப் போகிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கம் இல்லாதவருக்கு, வெப்பமானி முள் மேலே ஏறும்வரை ஒன்றும் தெரியாது. பல மைனர்களில் அந்த முள்ளே கிடையாது.

பேராக்கில் இந்த வண்டிக்கு ஒரு வரலாறு உண்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்த மோரிஸ் மைனர், 1970களின் தொடக்கம் வரை 16 லட்சத்துக்கு மேல் தயாரானது. இங்கே தோட்டத்துப் பெரிய கிராணி, டிரசர், பள்ளி ஆசிரியர் என்று மாதச் சம்பளக்காரர்கள் வாங்கக்கூடிய காராக அது இருந்தது. ‘ஏ’ எழுத்தில் தொடங்கும் பேராக் எண் பலகையோடு இன்றும் சில ஓடுகின்றன. 948 சி.சி. என்ஜின் கொண்ட மைனருக்குச் சாலை வரி வருடத்துக்கு 20 வெள்ளி. 1,098 சி.சி. என்றால் 55 வெள்ளி. வைத்திருப்பதற்கு ஆகும் செலவு இவ்வளவு குறைவு என்பதால்தான், ஒரு சின்ன உதிரிப்பாகத்துக்கு 200 வெள்ளி கேட்டால் மனசு ஒப்புவதில்லை.

புது வால்வு இங்கிலாந்திலிருந்துதான் வர வேண்டும். விலை 20 பவுண்டுக்கு மேல், அதாவது 115 வெள்ளியைச் சுற்றி. தபால் செலவு தனி. 2024 ஜனவரி 1 முதல் 500 வெள்ளிக்கு உட்பட்ட இணைய இறக்குமதிப் பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு. எல்லாம் கூட்டினால் 200ஐத் தொடும். அப்படி வந்து சேர்ந்த மறுதயாரிப்பு வால்வு, பழையதைவிட மெல்லிய வார்ப்பாக இருப்பதும் உண்டு. அதனால் ஈப்போவில் கிடைப்பதை வைத்து இதை முடிக்க முடியுமா, முடிந்தால் எந்த வழி, எவ்வளவு செலவு என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட கணக்கு.

முதலில், அது ஏன் ஒழுகுகிறது? குளிர்நாட்டில் இந்த வால்வு பனிக்காலத்தில் திறக்கப்படும், கோடையில் மூடப்படும். வருடத்துக்கு இரண்டு முறையாவது அதன் தண்டு சுழலும். நம் ஊரில் ஒருமுறை மூடினால் மூடியதுதான். 20, 30 வருடம் ஒரே இடத்தில் நின்ற தண்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையம் வெந்து இறுகுகிறது. பித்தளையில் பச்சை உப்பு படிகிறது. யாராவது ஒரு நாள் சோதித்துப் பார்க்கலாமே என்று திருகினால், இறுகிய வளையம் உடைந்து அன்று முதல் சொட்டுகிறது. வெயில் நாட்டில் ஹீட்டர் வால்வு பயன்படுத்தாததாலேயே கெடுகிறது.

இரண்டாவது, எவ்வளவு அழுத்தத்தை அது தாங்க வேண்டும்? இதைப் பலர் பயந்துகொண்டே கேட்கிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. மைனரின் ரேடியேட்டர் மூடி 7 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் திறந்துவிடும். பழையவற்றில் 4 பி.எஸ்.ஐ. ஹீட்டர் வாயின் விட்டம் அரை அங்குலம், அதன் பரப்பு 0.196 சதுர அங்குலம். 7ஆல் பெருக்கினால் 1.37 பவுண்டு, அதாவது 620 கிராம். அந்த வாயை அடைத்து நிற்கும் எந்தப் பொருளின் மேலும் விழும் மொத்தத் தள்ளுவிசை அவ்வளவுதான். ஹார்ட்வேர் கடையில் தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் பித்தளை பால் வால்வின் உடலில் 16 பார் அல்லது அதற்கு மேல் என்று பொறித்திருக்கும். காரில் இருப்பது அரை பார்கூட இல்லை. 30 மடங்குக்கு மேல் தாங்கும் பொருளைத்தான் போடுகிறோம்.

பார்க்க வேண்டியது வெப்பத்தை. தண்ணீரின் கொதிநிலை கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸ். 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் சேர்ந்தால் 111 டிகிரிக்கு உயரும். ஆகவே வால்வும் அதைச் சேர்ந்த எல்லாமும் 111 டிகிரியில் வேலை செய்ய வேண்டும். இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஹார்ட்வேர் கடைக்குள் நடந்தால் பாதிப் பொருள்கள் தாமாக விலகிவிடும். வெள்ளை பி.வி.சி. வால்வு 4, 5 வெள்ளிக்குக் கிடைக்கும், மரையும் பொருந்தும். ஆனால் பி.வி.சி. 60 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்காது. 80ஐத் தொட்டால் இளகிவிடும். தெர்மோஸ்டாட் திறப்பதே 82 டிகிரியில். பி.வி.சி. வால்வைப் போடுகிறவர், வண்டி சூடேறி முடிப்பதற்குள் இளகும் ஒரு பாகத்தைப் போடுகிறார். பித்தளை பால் வால்வுக்குள் பந்தைத் தாங்கும் வெள்ளை வளையம் டெஃப்லான். அது உருகுவது 327 டிகிரியில். நமக்கு அது போதும்.

ரப்பர் விஷயத்தில் பேராக்காரர்களுக்குச் சொந்தம் அதிகம். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. அங்கே நில அலுவலகத்துக்கு அருகில் ஒரு பழைய மரம் இன்றும் நிற்கிறது. ஆனால் நம் தோட்டத்துப் பாலில் செய்த இயற்கை ரப்பர் இந்த வேலைக்கு உதவாது. ஆலையில் ஷீட்டைப் புகைபோடும் கூடத்தில் வெப்பம் 50, 60 டிகிரியில்தான் நிற்கும். தொடர்ந்து 100 டிகிரியில் இருந்தால் இயற்கை ரப்பர் முதலில் பிசுபிசுத்து, பிறகு வெடித்துவிடும். இன்றைய ஹீட்டர் ஹோஸ் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். 120 டிகிரியைத் தாண்டியும் உழைக்கும். தோட்ட நீர் ஹோஸ், எரிவாயு அடுப்பின் ஆரஞ்சு ஹோஸ், மீன்தொட்டியின் பிளாஸ்டிக் குழாய் எதையும் ‘இப்போதைக்கு’ என்று மாட்ட வேண்டாம். 1 மீட்டர் ஹீட்டர் ஹோஸ் 12 வெள்ளி. அதில் மிச்சம் பிடிப்பது வீண்.

இனி வழிகள். மிக மலிவானது பழைய வால்வுக்கே புது வளையம் போடுவது. ஓ-ரிங் 1 அல்லது 2 வெள்ளி. ஹெட்டுக்கும் வால்வுக்கும் நடுவே வரும் கேஸ்கெட்டை வெட்டிக்கொள்ளத் தாள் 3 வெள்ளி. மொத்தம் 5 வெள்ளிக்குள் முடியும். பொதுவாகக் கடையில் கொடுப்பது நைட்ரில் வளையம். எண்ணெய்க்கு அருமையானது, ஆனால் வெந்நீரில் 100 டிகிரிதான் அதன் எல்லை. ஈ.பி.டி.எம். வளையம் என்று கேட்டு வாங்க வேண்டும். அதைப் பொருத்தும்போது கிரீஸ் தடவக் கூடாது, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஈ.பி.டி.எம். உப்பிவிடும். சோப்புத் தண்ணீர் போதும். தண்டு தேயாமல் இருந்தால் இந்த வழி சரி. பெரும்பாலும் தேய்ந்துதான் இருக்கும், அப்போது புது வளையம் சில மாதங்களில் மறுபடி கசியத் தொடங்கும்.

அடுத்தது தகடு வைத்து அடைப்பது. ஹீட்டர் கூடுதல் வசதியாக விற்கப்பட்ட காலம் அது. ஹீட்டர் கேட்காதவர்களின் என்ஜினில் தொழிற்சாலையே அந்த வாயின் மேல் ஒரு சின்னத் தகட்டை வைத்து இரண்டு போல்ட்டில் மூடி அனுப்பியது. அதையே இங்கே செய்யலாம். பழைய வால்வின் அடிப்பாகத்தைத் தாளில் வைத்து வரைந்து, 3 மி.மீ. தகட்டில் வெட்டி, இரண்டு துளை போட்டால் முடிந்தது. பட்டறையில் கிடக்கும் துண்டுத் தகடு 5 வெள்ளி, கேஸ்கெட் தாள் 3, போல்ட் 1. கீழ் ரேடியேட்டர் ஹோஸுக்குத் திரும்பி வரும் வாயையும் மூட வேண்டும், அதற்கு ஒரு விரல் நீள ஹோஸும் அதற்குள் ஒரு போல்ட்டும் கிளிப்பும் சேர்த்து 3. ஆக 12 வெள்ளி. அலுமினியத் தகடு வெட்டுவதற்குச் சுலபம் என்று பலர் அதை எடுப்பார்கள். வார்ப்பிரும்பு ஹெட், செம்பு ரேடியேட்டர், நடுவில் அலுமினியம் என்று மூன்று உலோகம் ஒரே நீரில் நின்றால், கூலண்ட் வலுவிழந்த நாளில் முதலில் அரிக்கப்படுவது அலுமினியம். பித்தளையை எடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சிலர் தகடு வெட்டும் வேலைகூட வேண்டாம் என்று, ஹீட்டருக்குப் போகும் வாயையும் வரும் வாயையும் ஒரே ஹோஸால் இணைத்துவிடுகிறார்கள். ஒழுகல் நின்றுவிடும். ஆனால் ஹெட்டிலிருந்து வரும் சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல், ஆறாமல், நேராக பம்ப்புக்குத் திரும்பிவிடும். ஹீட்டர் இருந்தபோது அந்த நீர் அங்கேயாவது கொஞ்சம் சூட்டை விட்டுவிட்டு வந்தது. ஈப்போ நெரிசலில் நடுப்பகல் 33 டிகிரி வெயிலில் நிற்கும் வண்டிக்கு இது கெடுதல். அடைப்பதானால் இரு பக்கமும் தனித்தனியாக அடைக்க வேண்டும்.

12 வெள்ளியில் வேலை முடிகிறதே, பிறகு என்ன? நான் தகட்டோடு நிற்கச் சொல்ல மாட்டேன். காரணம் மலை. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தானா ராத்தா 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும், 300 மீட்டருக்குச் சுமார் 1 டிகிரி என்று கொதிநிலையும் இறங்கும். மூடி நல்ல நிலையில், கசிவு இல்லாமல் இருந்தால் தானா ராத்தாவில் ரேடியேட்டர் நீர் கொதிப்பது 108 டிகிரியில். வால்வு ஒழுகி அழுத்தம் நிற்காமல் போனால் 95 டிகிரியிலேயே கொதிக்கும். தெர்மோஸ்டாட் 82இல் திறக்கிறது. நல்ல வண்டிக்கு 26 டிகிரி இடைவெளி, ஒழுகும் வண்டிக்கு 13தான். போகும் நீரைவிடப் போகும் அழுத்தம் பெரிய இழப்பு என்பது மலைப்பாதையில்தான் தெரியவரும்.

ஹீட்டரின் உண்மையான உபயோகமும் அங்கேதான். 1,098 சி.சி. என்ஜினின் முழுத் திறன் 48 குதிரைசக்தி, அதாவது 36 கிலோவாட். பெட்ரோல் என்ஜினில் சக்கரத்துக்குப் போகும் ஆற்றலுக்குக் கிட்டத்தட்ட சமமான வெப்பம் தண்ணீரில் இறங்கும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. ஏற்றத்தில் பாதித் திறனில் ஏறினால் தண்ணீர் சுமக்கும் சூடு 18 கிலோவாட் அளவில். அந்தக் காலத்து ஹீட்டர் ஒன்று 3 கிலோவாட் அளவில் வெளியேற்றும். ஆறில் ஒரு பங்கு. கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுதாகத் திறந்து விசிறியைப் போட்டால், முன்னால் ஒரு சின்ன ரேடியேட்டர் கூடுதலாகக் கிடைத்தது போல. கால் வேகும், உண்மைதான். ஆனால் வண்டி பாதி மலையில் ஆவி கக்கி நிற்காது. மேலே போனபிறகு 18 டிகிரிப் பனிமூட்டத்தில் முன்கண்ணாடி மங்கினால் அதே ஹீட்டர் துடைத்துக் கொடுக்கும். தாப்பாவை விட்டுச் சிம்பாங் பூலாய் வழியாகப் போனாலும் ஏற்றம் ஏற்றம்தான்.

அதனால் மூன்றாவது வழி: வீட்டுக் குழாய்க்கான பித்தளை பால் வால்வை ஹீட்டர் ஹோஸின் நடுவில் வைப்பது. ஹெட்டில் உட்காரும் பழைய வால்வின் உடலைத் தூக்கி எறியக் கூடாது. அதன் அடிப்பாகம், இரண்டு போல்ட் துளைகள், ஹோஸ் மாட்டும் வாய் மூன்றும் துல்லியமான அளவில் நமக்கு இலவசமாகக் கிடைத்தவை. உள்ளே இருக்கும் தண்டை மட்டும் கழற்றி, அந்தத் துளையை நிரந்தரமாக அடைத்துவிட்டால் அது வெறும் வளைகுழாய் ஆகிவிடும். திறப்பதும் மூடுவதும் ஹோஸில் இருக்கும் புது வால்வின் வேலை.

சுங்கை சிப்புட்டில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது செம்பனையாகிப்போன நிலத்தின் ஓரத்தில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு பெரியவர் இதைச் செய்து கொடுத்தார். தோட்டத்து ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். ஷீட் உருட்டும் எந்திரம், தண்ணீர் பம்ப், லாரி, துரையின் லேண்ட் ரோவர் எல்லாம் அவர் கைபட்டவை. தோட்டத்து ஸ்டோரில் உதிரிப்பாகம் கேட்டு எழுதினால் வருவதற்கு மாதக்கணக்காகும், ஆலை அதுவரை நிற்காது. இருப்பதை வைத்துச் செய்யும் கை அப்படித்தான் பழகியது. கிந்தாப் பள்ளத்தாக்கின் வெள்ளீயச் சுரங்கங்களுக்கும் இதே கதைதான். 1938இல் கட்டப்பட்டு 1982 வரை ஓடிய தஞ்சோங் துவாலாங் 5ஆம் எண் வெள்ளீயத் தூர்வாரிக் கப்பல் 4,500 டன் எடை. அப்படிப்பட்ட ராட்சதங்களைப் பழுது பார்த்த வார்ப்படப் பட்டறைகளால்தான் ஈப்போவில் இன்றும் நல்ல கடைசல் வேலை தெரிந்தவர்கள் கிடைக்கிறார்கள்.

வண்டி வந்து நின்றதும் பெரியவர் கேட்டது ஒன்றுதான். “எவ்ளோ நேரம் ஓட்டிக்கிட்டு வந்த தம்பி? ஆறட்டும். மூடியில கை வைக்காத.” ஆறிய பிறகு மூடியைத் திறந்து, கீழே ஒரு பேசினை வைத்து, ஹெட்டின் மட்டத்துக்குக் கீழே இறங்கும் அளவுக்கு மட்டும் தண்ணீரை இறக்கினார். மண்ணில் விடவில்லை. கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிக் குடித்தால் சிறுநீரகம் போய்விடும். தோட்டத்து வீடுகளைச் சுற்றி அவை எப்போதும் உண்டு.

பழைய வால்வின் தண்டை அவர் கட்டிங் பிளேயரில் பிடித்து மெதுவாக இழுத்தபோது வளையம் வளையமாக வரவில்லை. கருகிய நாலைந்து துண்டாக உதிர்ந்தது. துளைக்குள் பச்சை உப்பு அப்பியிருந்தது. சுரண்டி எடுத்ததும், 8.8 மி.மீ. துளைப்பான் விட்டு, கால் அங்குலத்தில் பாதியான ⅛ அங்குல பி.எஸ்.பி. மரை போட்டார். அங்குலத்துக்கு 28 சுற்று. அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று பின்னால் என்று மரைவெட்டியைத் திருப்பி, ஒவ்வொரு முறையும் பித்தளைத் தூளை ஊதிவிட்டார். பிறகு பித்தளை பிளக்கில் டெஃப்லான் டேப் சுற்றினார். “மரை உள்ள போற பக்கமா சுத்தணும். எதிர்ப்பக்கம் சுத்துனா முறுக்கும்போதே பிரிஞ்சி வெளிய வந்துரும். அஞ்சு சுத்து, ஆறு சுத்து. அதுக்கு மேல சுத்துனா உடம்பு வெடிச்சிரும்.” பழைய பித்தளை உடல் மெல்லியது. அதிகம் திணித்தால் விரிசல் விடும்.

நான் கொடுத்த விலை இது:

அரை அங்குலப் பித்தளை பால் வால்வு 1 — 18 வெள்ளி
பித்தளை ஹோஸ் முனை 2 — 10 வெள்ளி
ஹீட்டர் ஹோஸ் 1 மீட்டர் — 12 வெள்ளி
ஹோஸ் கிளிப் 4 — 6 வெள்ளி
டெஃப்லான் டேப் 1 — 1 வெள்ளி
கேஸ்கெட் தாள் — 3 வெள்ளி
பிளக்கும் மரை வெட்டும் கூலியும் — 15 வெள்ளி

ஆக 65 வெள்ளி. இறக்குமதி வால்வின் செலவில் மூன்றில் ஒரு பங்கு.

இரண்டு அளவுகளைக் கடையிலேயே சரிபார்க்க வேண்டும். அரை அங்குலம் என்று வால்வில் எழுதியிருப்பது குழாயின் பெயரளவு. அதன் பி.எஸ்.பி. மரையின் வெளிவிட்டம் 20.955 மி.மீ., அங்குலத்துக்கு 14 சுற்று. ஹோஸில் அரை அங்குலம் என்பது உள்விட்டம், 12.7 மி.மீ. ஆகவே ஒரு பக்கம் அரை அங்குல பி.எஸ்.பி. ஆண் மரையும், மறு பக்கம் 12.7 மி.மீ. ஹோஸ் வரியும் உள்ள முனைதான் வேண்டும். மைனருக்கும் மினிக்கும் அரை அங்குல ஹோஸ். பெரிய வண்டிகள் பலவற்றில் ⅝ அங்குலம், அதாவது 16 மி.மீ. அடுத்து, முனையின் உள்வழி. நான் வாங்கியதில் அது 9 மி.மீ. பரப்புக் கணக்கில் ஹோஸின் 127 சதுர மி.மீ., முனையில் 64 ஆகச் சுருங்குகிறது. பாதி. ஐரோப்பியப் பனியில் இது குறைதான். தானா ராத்தாவுக்கு ஏறும் வண்டிக்கு அது போதுமானதாகவே இருக்கிறது.

வால்வும் இரண்டு முனைகளும் சேர்ந்தால் கால் கிலோவைத் தாண்டும். அதை ஹோஸ் மட்டும் தூக்கிக்கொண்டிருந்தால் என்ஜின் அதிர்வில் சில மாதங்களில் ஹோஸ் கிளிப்புக்குப் பக்கத்தில் அறுபடும். உடற்தகட்டில் ஒரு ரப்பர் வைத்த பிடிப்பு போட்டுத் தாங்க வேண்டும். என் கணக்கில் இதற்கு விலை இல்லை, பெரியவர் பழைய ஸ்கிராப்பிலிருந்து எடுத்தார். சிவப்புக் கைப்பிடி மின்கம்பியையோ புகைக்குழாயையோ தொடாமல், கை எட்டும் திசையில் நிற்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. இனி அது வருடம் முழுதும் அசையாமல் கிடக்கக் கூடாது. மாதம் ஒருமுறை திறந்து மூட வேண்டும்.

காசு இன்னும் குறைக்க முடியும் என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஏர்கான் வேலைக்காரர்கள் வெட்டிப் போடும் அரை அங்குலச் செம்புக் குழாய் வெளிவிட்டத்தில் அளக்கப்படுவது. அதாவது 12.7 மி.மீ., ஹீட்டர் ஹோஸுக்குள் அப்படியே நுழையும். ஹோஸ் நடுவில் வெடித்தால் இரு துண்டையும் இணைக்க ஒரு விரல் நீளம் போதும். ஆனால் வழுவழுப்பான முனை சூட்டில் வழுக்கி வெளியே வந்துவிடும். முனையிலிருந்து கொஞ்சம் தள்ளிச் செம்புக் கம்பியை ஒரு சுற்று சுற்றி ஈயப்பற்று வைத்தால் மேடு ஒன்று கிடைக்கும், கிளிப் அதற்குப் பின்னால் பிடிக்கும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த ஈயப்பற்று உருகுவது 183 டிகிரியில். 111 டிகிரித் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. அந்த 63 பங்கு வெள்ளீயம் ஒரு காலத்தில் இதே கிந்தா மண்ணிலிருந்து உலகத்துக்குப் போனது. எந்தப் பழைய ரேடியேட்டரைப் பிரித்தாலும் அதன் மூட்டுகளில் வெள்ளீயம் இருக்கும்.

தோட்டத்துக் கைப்பம்பு, மருந்து தெளிப்பான் ஆகியவற்றிலிருந்து கழற்றிய பித்தளை டேப்பும் பார்க்க அழகாகப் பொருந்தும். அதன் வளையம் குளிர்ந்த மருந்துநீருக்குப் போட்டது. வளையத்தை மாற்றாமல் அதை வெந்நீரில் வைக்க வேண்டாம்.

சிலர் பால் வால்வையும் வேண்டாம் என்று, மணிக்கு 180 மில்லிதானே, ஊற்றிக்கொண்டே போகலாம் என்பார்கள். பச்சைத் தண்ணீருக்குக் காசு இல்லை. ஆனால் அதன் விலை வேறு இடத்தில் விழுகிறது. 5 லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு கூலண்ட் கலந்திருக்கிறது என்று வைப்போம், 33 விழுக்காடு. கலவை சொட்டிக்கொண்டே போக, வெறும் தண்ணீரை ஈடாக ஊற்றிக்கொண்டே வந்தால், மொத்தம் 5 லிட்டர் ஒழுகி முடியும்போது உள்ளே 12 விழுக்காடுதான் மிஞ்சும். விநாடிக்கு ஒரு சொட்டு வேகத்தில் அதற்குப் பிடிப்பது 28 மணி நேர ஓட்டம். வாரக் கடைசியில் மட்டும் எடுக்கும் வண்டிக்கு ஒரு சில மாதம். நாம் கூலண்ட் வாங்குவது உறைபனிக்காக அல்ல, அதில் இருக்கும் துரு தடுப்பு மருந்துக்காக. அது நீர்த்துப்போனால் வார்ப்பிரும்பு ஹெட்டின் உட்பக்கம் துருப்பிடித்து, சிவந்த சேறு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய்த் தங்கும். சுண்ணாம்புக் குன்றுகளுக்கு அருகில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுகிறவர்களுக்குக் கூடுதலாக வெள்ளைப் படிவும் சேரும்.

நல்ல கூலண்டையே ஊற்றினால்? 1 லிட்டர் 16 வெள்ளி. மூன்றில் ஒரு பங்கு கலவையாக்கினால் லிட்டருக்கு 5 வெள்ளி 33 சென். மணிக்கு 180 மில்லி என்றால் 96 சென். 65 வெள்ளி வால்வு, 68 மணி நேர ஓட்டத்தில் தன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடும். கவனிக்காமல் விட்டு ஒரு நாள் தண்ணீர் வற்றி ஹெட் கோணிக்கொண்டால் கணக்கே வேறு. கேஸ்கெட் செட், ஹெட்டைத் தேய்த்துச் சமப்படுத்தும் கூலி, கழற்றி மாட்டும் கூலி எல்லாம் சில நூறு வெள்ளி. வண்டியை இழுத்து வரும் லாரிக்கு வேறு கொடுக்க வேண்டும்.

வோல்வோ 240 வைத்திருப்பவர்களுக்கும் இந்த முறை உதவும். மலேசியாவில் வோல்வோ ஷா ஆலாமில் 1967 முதல் கோர்க்கப்படுகிறது. பழைய தோட்ட அதிகாரிகள் பலர் ஓய்வுபெற்றபின் வைத்திருந்த வண்டியும் அதுதான். அதில் ஹீட்டர் வால்வு கேபினுக்குள், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிறது. ஒழுகினால் முதலில் நனைவது முன்சீட்டுக் கம்பளம். இனிப்பு வாசம் அடித்தால் அதுதான் அடையாளம். டேஷ்போர்டைக் கழற்றும் கூலிக்குப் பயந்தவர்கள், என்ஜின் பக்கத்திலேயே உள்ளே போகும் ஹோஸில் ஒரு பால் வால்வைப் போட்டு மூடிவிடலாம். உள்ளிருக்கும் பழைய வால்வுக்கு அழுத்தம் போகாமலிருக்கத் திரும்பி வரும் ஹோஸிலும் ஒன்று வேண்டும். வால்வும் முனைகளும் இரண்டு மடங்கு.

மாட்டி முடித்தபின் தண்ணீரை நிரப்பி, ஹீட்டர் வால்வைத் திறந்தபடியே மூடியில்லாமல் என்ஜினை ஓடவிட வேண்டும். காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருக்கலாம். மூடியைப் போட்டு ஒரு முறை நன்றாகச் சூடேற்றி, முழுதாக ஆறவிட்டு, நாலு கிளிப்பையும் மறுபடி கால் சுற்று முறுக்க வேண்டும். புது ஹோஸ் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும்.

தண்ணீரை இறக்கியது இறக்கியபடி இருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுவது நல்லது. இந்த என்ஜினில் ஹெட்டுக்கும் வாட்டர் பம்ப்புக்கும் நடுவே கட்டைவிரல் அளவில் ஒரு பைபாஸ் ஹோஸ் உண்டு. சில வெள்ளிதான் விலை. ஆனால் அது வெடித்தால் ஹீட்டர் வால்வைப் போலச் சொட்டாது, நிமிடங்களில் மொத்தத்தையும் கொட்டிவிடும். பம்ப்பைக் கழற்றாமல் அதை மாட்ட, மடிப்பு மடிப்பாக நீளும் வகை வந்திருக்கிறது. பெரியவர் அதை விரலால் அமுக்கிப் பார்த்து, “இது அடுத்த தீபாவளி வரைக்கும் தாங்காது” என்றார். அன்றே மாற்றியாகிவிட்டது.